அந்தரத்தில் நின்ற படம்

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால், உலகத்தில் அதுவரை எடுக்கப்பட்ட அலைச்சறுக்குப் படங்கள் அனைத்தும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் சாப்பாட்டுக்குப் பிறகு, கை கழுவிய ஈரம் காய்வதற்குள், ரத்து செய்யப்பட்டன. இனி அவை செல்லாது. அவற்றின் இடத்தில் ஒரே ஒரு படம் வரும். அது முற்போக்கான படம், படைப்பூக்கம் பொங்கி வழியும் படம். மனிதன் கடலைப் பார்க்கும் விதத்தையும், வசதிப்பட்டால் கடல் மனிதனைப் பார்க்கும் விதத்தையும், அது அடியோடு மாற்றி அமைக்கும்.

பிரகடனத்தை வெளியிட்டவர் இயக்குநர். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் மூன்று பேர். ஒருத்தி அவர் மனைவி. எச்சில் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். இன்னொருவன் அவள் தம்பி. மூன்றாவது, அந்தத் தம்பியின் மகள். அவளுக்கு அப்போது மேசைக்கு அடியில் வீடு கட்டி விளையாடுகிற வயது.

“கடலையே நான் டிஸ்மிஸ் பண்ணப்போறேன், மாப்ளே” என்றார் இயக்குநர்.

“கடல்கிட்ட சொல்லிட்டீங்களா?” என்று கேட்டாள் மனைவி.

இயக்குநர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பெரிய காரியங்களில் இறங்குகிறவர்களுக்கு மனைவி பேசுவது கேட்காமல் போவது இயற்கை. அதுவரை அவர் எடுத்திருந்ததெல்லாம் குளியலறை ஓடுகளுக்கான விளம்பரப் படங்கள். ஓட்டின் மேல் தண்ணீர் வழிகிற மாதிரி நூற்றுக்கணக்கான காட்சிகள் எடுத்தவர். ஆகவே தண்ணீரைப் பற்றித் தனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை என்பது அவர் கட்சி.

தம்பியை ஊரில் எல்லோரும் ‘பசை’ என்பார்கள். கடற்கரையை ஒட்டிய சந்தில், உடைந்த சறுக்குப் பலகைகளைப் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தான். விரிசலுக்குப் பசை ஊற்றி, கண்ணாடி இழைத் துணி ஒட்டி, காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்ப்பது வேலை. விரல் இடுக்குகளில் காய்ந்த பசை எந்நேரமும் இருக்கும். சாப்பிடும்போது அதைச் சுரண்டி எடுப்பான். அக்கா முறைத்தால் நிறுத்திவிடுவான். அலையில் ஏறினால் மட்டும் அவன் வேறு ஆள். அந்தக் கடற்கரையில் அவன் அளவுக்குச் சறுக்குகிறவர்கள் அப்போது யாரும் இல்லை. இயக்குநர் அவனைக் கதாநாயகனாகத் தேர்ந்தெடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம். வேறு யாரும் ஒத்துக்கொள்ளவில்லை என்பது இன்னொன்று.

பசைக்கும் மறுக்கிற உத்தேசம் இல்லை. அவன் மனதில் ஒரு வித்தை இருந்தது. அலையின் உச்சிக்கு ஏறி, அங்கிருந்து காற்றில் எகிற வேண்டும். உடம்பு ஒரு பக்கம் சுற்ற வேண்டும், காலடிப் பலகை எதிர்ப்பக்கம் சுற்ற வேண்டும், இரண்டும் கீழே வருவதற்குள் மறுபடி ஒன்றுசேர்ந்து அதே அலையில் இறங்கி ஓட வேண்டும். அப்படி யாரும் செய்து அவன் கேள்விப்பட்டதில்லை. எகிறுவது பெரிய விஷயம் அல்ல, துணிச்சலும் அசட்டுத்தனமும் இருந்தால் யாரும் எகிறலாம். இறங்குவதுதான் வித்தை. இறங்காதவனுக்கு அலைச்சறுக்கு உலகத்தில் ஒரே பெயர்தான், விழுந்தவன்.

அந்தப் பருவம் முழுவதும் விழுந்தான். துறைமுகத் தடுப்புச் சுவருக்கு அந்தப்பக்கம், ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு பாறைக்கரை அவர்களுடைய படப்பிடிப்புத் தளம். இயக்குநர் பாறையில் முக்காலி வைத்து, நீண்ட லென்ஸ் மாட்டிய கேமராவோடு நிற்பார். தலையில் துண்டு, மூக்கில் வெள்ளைக் களிம்பு. பசை எகிறுவான், சுற்றுவான், முதுகு அடிபட விழுவான். கரைக்கு வந்தால் இயக்குநர், “விழுறதுலகூட ஒரு உண்மை இருக்கு, மாப்ளே” என்பார். உண்மை எங்கெங்கே கன்றிப்போயிருக்கிறது என்று பசையின் மனைவி மாலையில் களிம்பு தடவும்போது பார்ப்பாள். அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். “என் வார்டுல ஒரு கட்டில் உங்களுக்குன்னு பிடிச்சு வெச்சிடவா?” என்று கேட்பாள்.

ஒருநாள் காலை, காற்று பக்கவாட்டில் இருந்து வீசியது. அலை ஒன்று வரும்போதே தெரிந்துவிட்டது, இதுதான் அது என்று. பசை ஏறினான். உச்சியைத் தொட்டதும் கால்களை மடக்கி எகிறினான். கீழே பச்சையாக ஏதோ சுழன்றது, மேலே வெள்ளையாக ஏதோ சுழன்றது. பலகை காலை விட்டுப் போனது தெரிந்தது. வழக்கமாக அந்த இடத்தில் வயிறு பயப்படும், அன்று பயப்படவில்லை. பிறகு, வீட்டு வாசலில் இருட்டில் செருப்பைத் தேடுகிற கால் சரியான செருப்பில் நுழைகிற மாதிரி, இரண்டு பாதங்களும் பலகையில் போய் அமர்ந்தன. பலகை தண்ணீரைத் தொட்டது. முழங்கால் வாங்கிக்கொண்டது. அலை அவனைக் கொஞ்சம் யோசித்துப் பார்த்துவிட்டு, சரி போ என்று விட்ட மாதிரி இருந்தது. அவன் ஓடிக்கொண்டிருந்தான், நின்றபடி.

கரையைப் பார்த்தான். இயக்குநர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

“வந்துச்சா அத்தான்?” நீந்தி வந்து மூச்சு வாங்கக் கேட்டான்.

“சரித்திரம், மாப்ளே” என்றார் இயக்குநர், கேமராவைப் பைக்குள் வைத்தபடி.

“ஒரு தடவ காட்டுங்களேன்.”

“அது மட்டும் கேக்காத. தன்னைத் தானே பாத்துட்ட உடம்பு அடுத்த நாள்லேர்ந்து பொய் சொல்ல ஆரம்பிச்சிடும். நான் எத்தனை மாடல்களைப் பாத்திருக்கேன்!”

அவர் பார்த்தவர்கள் ஷவருக்கு அடியில் கண்ணை மூடி நின்றவர்கள். இருந்தாலும் பசை தலையாட்டினான். அக்கா புருஷன் என்பது உறவு மட்டும் அல்ல, அது ஒரு பதவி. அவர் சொன்னால் தலையாட்ட வேண்டும். அவர்மேல் மேல்முறையீடு செய்ய வேண்டுமென்றால் அக்காவிடம்தான் போக வேண்டும், அக்காவோ ஏற்கெனவே வாழ்நாள் தண்டனையில் இருப்பவள்.

அத்தோடு, அந்தத் தொழிலில் ஒரு சம்பிரதாயம் உண்டு. புதிய வித்தை ஒன்றைப் படம் பிடித்துவிட்டால், படம் வெளிவரும்வரை அதைப் பற்றி மூச்சு விடக் கூடாது. ஒரு முறை கைபேசிகளில் சுற்றிவிட்டால் காட்சி செத்தது, படத்தில் போட்டால் யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டார்கள். ஆகவே பசை வாயைக் கட்டினான். வாயை மட்டும் கட்டினால் போதாது என்று இயக்குநர் சொன்னதால் உடம்பையும் கட்டினான். நாலு பேர் பார்க்கிற இடத்தில் அவன் எகிறுவதே இல்லை. உலகத்தில் முதல்முதலாக ஒன்றைச் செய்தவன், தினமும் காலையில் நாலு பேர் செய்கிறதைச் செய்துவிட்டுக் கரையேறினான்.

“என்ன பசை அண்ணே, மேல எல்லாம் போறதில்லையா? வயசாயிடுச்சா?” என்று இளவட்டங்கள் கிண்டலடித்தார்கள்.

“ஆமாண்டா, பேரன் பொறக்கப்போறான்” என்பான். உள்ளுக்குள் சிரித்துக்கொள்வான். படம் வரட்டும், பசங்களா.

படம் எடிட்டிங்கில் இருந்தது. அக்காவின் படுக்கையறையில், ஜன்னல்களில் போர்வை தொங்க, பட்டப்பகலிலும் விளக்குப் போட்டுக்கொண்டு அது நடந்தது. முதலில் படத்தில் கதை இருந்தது. பிறகு கதை என்பது பார்வையாளனை அடிமைப்படுத்துகிறது என்று தெரியவந்ததால் எடுக்கப்பட்டது. பிறகு வண்ணம் போனது. பிறகு இசை போனது. அதற்குப் பதிலாக, சமையலறையில் இரவு பகலாக உறுமிக்கொண்டிருந்த குளிர்சாதனப் பெட்டியின் சத்தம் பதிவு செய்யப்பட்டது. கடலின் தனிமை அதில் இருப்பதாகக் கண்டுபிடிப்பு.

“ஃப்ரிட்ஜுக்குப் படத்துல பேர் போடுறாராம்டா” என்றாள் அக்கா. “இத்தனை வருஷமா அவருக்குச் சோறு போடுறேன், எனக்குப் போடலை.”

இப்படியே பருவங்கள் வந்தன, போயின. பசைக்கு முன்நெற்றி அகலமானது. மேசைக்கு அடியில் விளையாடிய மகள் மேசைமேல் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு கைபேசி பார்க்கிற வயதுக்கு வந்துவிட்டாள். அவளும் சறுக்கக் கற்றுக்கொண்டிருந்தாள். அப்பாவைவிட உலகத்தில் வேறு எல்லோரும் நன்றாகச் சறுக்குகிறார்கள் என்பது அவளுக்குக் கைபேசி சொல்லித் தந்த பாடம்.

ஒரு மாலை கடைக்கு வந்தவள், “அப்பா, இதைப் பாரேன்” என்று நீட்டினாள்.

எங்கோ ஒரு தேசத்துக் கடல். பல்லுக்குக் கம்பி கட்டிய ஒரு சிறுமி. அலையின் உச்சிக்குப் போனாள், எகிறினாள். உடம்பு ஒரு பக்கம், பலகை எதிர்ப்பக்கம். இறங்கினாள். இறங்கியதோடு விடாமல் கேமராவைப் பார்த்துக் கையசைத்தாள்.

பசை உப்புத்தாளைக் கீழே வைத்தான். “இன்னொரு தடவ போடு.”

போட்டாள். சிறுமி அதே மாதிரி இறங்கினாள், அதே மாதிரி கையசைத்தாள்.

“இதுக்குப் பேர்கூட வெச்சிட்டாங்கப்பா. இப்ப எல்லாரும் பண்றாங்க. உனக்கு இது தெரியுமா?”

“தெரியும்.”

“பாத்திருக்கியா?”

“பண்ணியிருக்கேன்.”

மகள் அவனை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு, பெரியவர்கள் மனம் புண்படக் கூடாதே என்கிற நல்லெண்ணத்தோடு, “ஓ” என்றாள்.

அந்த ‘ஓ’வைத் தாங்க முடியாமல்தான் பசை கடையைப் பூட்டாமல்கூட அக்கா வீட்டுக்கு ஓடினான். உலகத்துக்கு முதலாவதாக இருக்கும் வாய்ப்பு போயிற்று. போகட்டும். உலகத்தை அவன் நேரில் பார்த்ததும் இல்லை. இந்த ஒருத்தி நம்பினால் போதும்.

விஷயத்தைக் கேட்டதும் இயக்குநர் முகம் மலர்ந்தது.

“ரொம்ப நல்லதாப் போச்சு! வித்தை பழசாயிடுச்சுன்னா அது இனிமே வித்தை இல்ல, மாப்ளே. நினைவு. படம் இன்னைக்குத்தான் பிறந்திருக்கு.”

“அத்தான், அந்தக் காட்சிய மட்டும் என் பொண்ணுக்கு ஒரு தடவ காட்டிடுறேன்.”

இயக்குநர் கொஞ்சம் யோசித்தார். பிறகு, பெரிய மனதோடு, நாற்காலியை நகர்த்தி இடம் விட்டார். இத்தனை காலத்தில் பசை தன்னைத் திரையில் பார்ப்பது அதுதான் முதல் முறை. கறுப்பு வெள்ளையில் அலை எழுந்தது, எழுந்தது, இன்னும் எழுந்துகொண்டிருந்தது. வேகத்தைக் குறைத்திருந்த விதத்தில், பாசி வளர்வதைக்கூட அருகில் வைத்திருந்தால் அதுதான் முந்தியிருக்கும். குளிர்சாதனப் பெட்டி உறுமியது. பசை உச்சியை அடைந்தான். பாதங்கள் பலகையை விட்டுக் கிளம்பின. உடம்பு திரும்பத் தொடங்கியது. திரை வெள்ளையானது.

வெள்ளையாகவே இருந்தது.

“எங்க அத்தான் இறங்குறது?”

“இறங்கக் கூடாது.”

“நான் இறங்கினேனே!”

“நீ இறங்கினே, சரி. ஆனா மனுஷன் இறங்கினானா? அதான் கேள்வி. பதிலை நான் சொல்லிட்டா பாக்கறவனுக்கு என்ன வேலை?”

“இறங்கலைன்னா நான் விழுந்தேன்னு அர்த்தம் அத்தான். எங்க ஆளுங்க அப்படித்தான் பாப்பாங்க.”

“உங்க ஆளுங்களுக்காக நான் படம் எடுக்கலை.”

பசைக்குக் காது மடல் சூடானது. வாயில் ஒரு வார்த்தை வந்தது. சரியாக அந்த நேரம் பார்த்து அக்கா தேநீரோடு உள்ளே வந்தாள். வார்த்தையைத் தேநீரோடு சேர்த்து விழுங்கினான். இரண்டும் நாக்கைப் பொசுக்கின.

சமையலறையில் போய் நின்றான். “அக்கா, நீ ஒரு வார்த்தை சொல்லேன்.”

“நான் சொல்லி அவர் எதைடா முடிச்சிருக்கார்? குளிக்கிற ரூமுக்கு ஓடு பதிக்க ஆரம்பிச்சது, பாதிச் சுவரோட நிக்குது. கேட்டா, மீதி கற்பனைக்காம். கற்பனைல கரப்பான்பூச்சி குடும்பம் நடத்துது. எடுத்ததுலேர்ந்து அந்தக் காட்சியை அவர் யாருக்கும் காட்டினதில்ல. உனக்காவது பாதி காட்டினாரே, சந்தோஷப்படு.”

மறுவாரம் பசை ஒரு முடிவுக்கு வந்தான். மகளைப் பாறைக்கரைக்கு அழைத்துப்போனான். கைபேசியை அவள் கையில் கொடுத்து, “நான் கை காட்டினதும் எடுக்க ஆரம்பி. நிறுத்தாத” என்றான். நல்ல அலைதான் வந்தது. உச்சிவரை எல்லாம் சரியாகத்தான் இருந்தது. எகிறியபோது முழங்காலுக்குள் ஈரத்துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம். பிறகு நடந்ததை மகள் நிறுத்தாமல், தெளிவாக, முழுதாகப் படம் பிடித்திருந்தாள். தண்ணீரிலிருந்து அவனை இழுத்து வந்தவளும் அவள்தான். ஆஸ்பத்திரியில் டாக்டர், இனி மாடிப்படி ஏறினாலே பெரிய விஷயம் என்றார். மனைவி கட்டிலின் தலைமாட்டில் நின்று, கிண்டல் எதுவும் செய்யாமல், போர்வையை இழுத்துவிட்டாள். அவள் கிண்டல் செய்யாததில் பசைக்கு நிலைமை புரிந்தது.

ஆக, மிச்சம் இருந்தது அந்தப் படம் ஒன்றுதான்.

அது வெளிவந்தது. நம்ப முடியாத விஷயம்தான். ஏதோ ஒரு விழாவில் இடம் பிடித்து, நல்ல அரங்கு ஒன்றில், ஞாயிறு பிற்பகல் திரையிட்டார்கள். முன்வரிசைகளில் கண்ணாடி போட்ட கலாரசிகர்கள். பின்வரிசைகளில் கடற்கரை இளவட்டங்கள். பசை அண்ணன் படம் என்று விசில் அடிக்கத் தயாராக வந்திருந்தார்கள். நடுவில் பசை, ஊன்றுகோலை மடியில் போட்டுக்கொண்டு. ஒரு பக்கம் மனைவி, மறுபக்கம் மகள். கடைசி நேரத்தில் அத்தானுக்கு மனம் மாறியிருக்கும் என்று அவன் நம்பினான். மாறுவதற்குப் பெயர் போன மனம்தானே அது. கதையை மாற்றியது, வண்ணத்தை மாற்றியது, இதையும் மாற்றியிருக்காதா?

குளிர்சாதனப் பெட்டி உறுமத் தொடங்கியது. முன்வரிசை நிமிர்ந்து உட்கார்ந்தது. பின்வரிசை கைபேசியை எடுத்தது. கடல் வந்தது, பாறை வந்தது, வெகுநேரம் ஒரு கயிறு வந்தது. கடைசியில் அலை எழுந்தது. பசை ஏறினான், எகிறினான், திரும்பத் தொடங்கினான்.

திரை வெள்ளையானது.

பின்வரிசையில் ஒருவன் சொன்னான்: “விழுந்திருப்பாரு.”

“பின்ன? இறங்கியிருந்தா காட்ட மாட்டாங்களா?” என்றான் இன்னொருவன்.

கிண்டலே இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னார்கள். மகளுக்கும் அது கேட்டது. அவள் இருட்டில் அப்பாவின் கையைத் தேடிப் பிடித்து, “பரவால்லப்பா” என்றாள். மேடையில் விளக்கு எரிந்தது. கண்ணாடிக்காரர் ஒருவர் எழுந்து, தான் சமீபத்தில் பார்த்தவற்றிலேயே மிகத் துணிச்சலான வெட்டு அது என்றும், இறங்க மறுப்பதன் அரசியலை இயக்குநர் எப்படி வந்தடைந்தார் என்றும் கேட்டார். இயக்குநர் கண்ணை மூடிக்கொண்டு, நிதானமாக, மிக நீளமாகப் பதில் சொன்னார். கைதட்டல் கூரையை அதிர வைத்தது.

வண்டிகள் நிறுத்துமிடத்தில் பசை அவரைப் பிடித்தான். நிஜமாகவே பிடித்தான்; ஒரு கை ஊன்றுகோலில், ஒரு கை அவர் சட்டையில். அக்கா புருஷனின் சட்டையில் அவன் கை பட்டது அதுதான் முதல் தடவை.

“அத்தான், படம் உங்க இஷ்டம். விருது வாங்குங்க, மாலை போட்டுக்குங்க. நீங்க வெட்டிப் போட்ட அந்தத் துண்டு மட்டும் எனக்குக் குடுங்க. அதோ, என் பொண்ணு கார்ல உக்காந்திருக்கா. அவகிட்ட ஒரே ஒரு தடவ காட்டணும். அவ்ளோதான் கேக்குறேன்.”

இயக்குநர் சுற்றிலும் பார்த்தார். கண்ணாடிக்காரர்கள் யாரும் பக்கத்தில் இல்லை. அக்கா தூரத்தில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள். அவர் முகத்தில் தத்துவம் எதுவும் வரவில்லை. வெகுகாலத்துக்குப் பிறகு அது ஒரு சாதாரண மனிதனின் முகமாக இருந்தது.

“எந்தத் துண்டு, மாப்ளே?”

“நான் இறங்கினது.”

“நான் எதையும் வெட்டலை.” சட்டையில் இருந்த கையை மெதுவாக எடுத்துவிட்டார். “அவ்ளோதான் எடுத்தது. நீ சுத்த ஆரம்பிச்சதும், வழக்கம்போல விழப்போறேன்னு நெனச்சு நிறுத்திட்டேன்.”

பசை கார் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தான்.

“கண்ணாலயாவது பாத்தீங்களா?”

“குனிஞ்சு லென்ஸ் மூடியைத் தேடிக்கிட்டு இருந்தேன்.”

அன்றைக்கு பேட்டரி குறைவாக இருந்ததாம்.